ஆம்பலின் நிழற்கிளை

நாவற்குட்டையில் வாழ்ந்த ஆம்பல் என்னும் வாத்துக்கு முட்டையிடத் தெரியும், அடைகாக்கத் தெரியாது. அதன் குலத்தில் எவருக்குமே அந்தப் பழக்கம் இல்லை. முட்டைகளின்மேல் சற்று நேரம் உட்காரும். வயிற்றின்கீழ் ஏதோ உறுத்துகிறதே என்று எழும். குட்டையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்று போகும். போனது போனதுதான்.

ஆகையால் அதன் முட்டைகளைக் காக்கும் பொறுப்பு ஒரு மின்விளக்கிடம் இருந்தது. கரையோரத்துக் கொட்டகையில் உமி பரப்பிய மரப்பெட்டி ஒன்று. அதற்கு மேலே மஞ்சளாய் எரியும் ஒரு குண்டு பல்பு. பல்பு எரிந்தால் பெட்டிக்குள் இளஞ்சூடு. இளஞ்சூடு இருந்தால் முட்டைக்குள் உயிர்.

"ஏன் ஆம்பல், உன் பிள்ளைகள் பொரிந்து வந்ததும் யாரை அம்மா என்று கூப்பிடும்? உன்னையா, பல்பையா?" என்று கேட்டது செங்கொண்டை.

செங்கொண்டை அந்தக் கொட்டகையில் வாழும் கோழி. அடைகாப்பதில் பெயர் பெற்றது. அந்தப் பெயரை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதிலும் பெயர் பெற்றது.

"வெளிச்சம் கொடுக்கும் தாய் யாருக்குக் கிடைக்கும், அக்கா? உங்கள் பிள்ளைகள் இருட்டில் அல்லவா பொரிகின்றன!" என்று ஆம்பலும் விட்டுக்கொடுக்காமல் பேசியது.

வாய் சிரித்தாலும் அதன் நெஞ்சில் ஓர் அச்சம் இருந்தது. கொட்டகைக்கு வரும் மின்கம்பி, கரையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளுக்கு இடையே புகுந்து வந்தது. சென்ற ஆண்டு ஐப்பசிக் காற்றில் ஒரு கிளை முறிந்து அந்தக் கம்பியின்மேல் விழுந்தது. பல்பு அணைந்தது. அது மீண்டும் எரிந்தபோது, பெட்டியிலிருந்த முட்டைகள் கூழாங்கற்களைப்போல் குளிர்ந்து கிடந்தன. ஒன்றுகூடப் பொரியவில்லை. அன்று முழுவதும் ஆம்பல் நீரில் இறங்கவில்லை. ஒரு வாத்து நீரில் இறங்காமல் இருந்தது என்றால், அதன் துயரத்தை வேறு விதமாக விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆண்டும் ஐப்பசி பிறந்தது. பெட்டியில் புதிய முட்டைகள் இருந்தன. கிழக்கே மேகம் திரண்டது. மரமோ, பழைய நண்பனின் தோளில் கைபோடுவதைப்போலக் கம்பியின்மேல் கிளைகளைப் போட்டுக்கொண்டு நின்றது.

"இம்முறை நான் சும்மா இருக்கப்போவதில்லை! காற்று வருவதற்கு முன்னால் கிளைகளைக் கழித்துவிட வேண்டும்!" என்று முடிவு செய்த ஆம்பல், மரத்தில் வாழ்ந்த எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தது.

காரி என்னும் காகம் வந்தது. வரியன் என்னும் அணில் வந்தது. கிளைகளைத் தட்டிப் பார்த்து நிலைமை சொல்வதற்கு மரங்கொத்தி வந்தது. அழைக்காமலேயே செங்கொண்டையும் வந்தது.

அந்த மரத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவருடைய கிளையைப் பற்றி அவர் காதுபடக் குறை சொல்லக் கூடாது. கிளை உளுக்கத் தொடங்கினால், "கொஞ்சம் களைத்திருக்கிறது" என்பார்கள். முறிந்து விழும் நிலையில் இருந்தால், "ஓய்வெடுத்தால் நல்லது" என்பார்கள். இந்த மரியாதையின் பயனாக அந்த மரத்தில் சண்டையே கிடையாது. சென்ற ஆண்டு கிளை முறிந்து விழுந்ததும் இந்த மரியாதையின் பயன்தான்.

மரங்கொத்தி முதலில் காகத்தின் கிளைக்குப் போனது. டொக், டொக், டொக்!

"காரி அண்ணே, உங்கள் கிளை கொஞ்சம் களைத்திருக்கிறது."

"களைப்பா? என் கிளைக்கா? நேற்று நான் வந்து உட்கார்ந்தபோதுகூட எவ்வளவு கம்பீரமாக ஆடியது தெரியுமா!"

"ஆடக் கூடாது, அண்ணே. அதுதான் சங்கடம்."

"அங்கே என் கூடு இருக்கிறது!"

"கூட்டில்தான் யாரும் இல்லையே!" என்றது அணில்.

"இப்போது இல்லை. அடுத்த கோடையில் இருப்பார்கள். பிறக்கப்போகும் பிள்ளைகளை இப்போதே வீட்டைவிட்டுத் துரத்துகிறீர்களே, இது அடுக்குமா?" என்று காகம் கரகரத்த குரலில் முறையிட்டது.

மரங்கொத்தி அடுத்து அணிலின் கிளைக்குத் தாவியது. அது கம்பியோடு கம்பியாக ஓடிக் கொட்டகையின் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதைக் கிளை என்று சொல்லாதீர்கள். இது என் பாதை!" என்றது வரியன்.

"அந்தப் பாதை எங்கே போகிறது, தம்பி?" என்று கேட்டது செங்கொண்டை.

"கூரைக்குப் போகிறது, அக்கா."

"கூரையிலிருந்து?"

"கூரையிலிருந்து... கீழே போகிறது."

"கீழே இருப்பது என் நொய்த் தட்டுதானே?"

"அது போகிற வழியில் இருக்கிறது, அக்கா. அதற்கு நான் என்ன செய்ய முடியும்!"

ஆம்பல் இறக்கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தது. "வீண்பேச்சு போதும்! கம்பியின்மேல் விழக்கூடிய கிளை எதுவானாலும் கழிக்கப்பட வேண்டும். இதில் உறவு பார்க்கக் கூடாது. உரிமை பேசக் கூடாது. விதிவிலக்கும் கேட்கக் கூடாது!"

சொல்லி முடித்ததும் எல்லோருடைய பார்வையும் மெல்லத் திரும்பி, நீரின்மேல் தாழ்ந்து படர்ந்திருந்த ஒரு கிளையில் போய் நின்றது.

அது ஆம்பலின் நிழற்கிளை. நண்பகல் வெயிலில் குட்டை முழுவதும் கொதிக்கும்போதும் அந்தக் கிளைக்கு அடியில் மட்டும் நீர் குளிர்ந்திருக்கும். ஆம்பல் அங்கேதான் நீராடும். அங்கேதான் கழுத்தை இறக்கைக்குள் செருகிக்கொண்டு உறங்கும். விருந்தாளிகள் வந்தால் அந்த நிழலுக்கு அழைத்துப்போய்க் காட்டும்.

மரங்கொத்தி அந்தக் கிளையின் கவட்டில் போய் உட்கார்ந்தது.

"நில்! அங்கே தட்ட வேண்டாம்!" என்று ஆம்பல் பதறியது.

"ஏன், அக்கா?"

"அது நன்றாகத்தான் இருக்கிறது. இலையெல்லாம் எவ்வளவு பச்சை, பார்!"

"கவட்டில் காளான் பூத்திருக்கிறதே, அக்கா."

"அழகாக இல்லையா?"

"அழகுதான். ஆனால் சென்ற ஆண்டுக் காற்றில் இந்த இடத்தில் ஒரு விரிசல்..." என்று தொடங்கிய மரங்கொத்தி, மரியாதை நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டது. "ஓய்வெடுத்தால் நல்லது என்று சொல்ல வந்தேன்."

ஆம்பலுக்குப் புரியாமல் இல்லை. புரியாததுபோல் இருப்பது வசதியாக இருந்தது.

"எனக்கு ஏது ஓய்வு? முட்டைகள் பொரியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அது கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

அணில் விடவில்லை. "ஆம்பல் அக்கா, உங்கள் கிளையும் கம்பிக்கு மேலேதானே இருக்கிறது?"

"மேலே இல்லை, தம்பி. பக்கத்தில் இருக்கிறது."

"காற்றடித்தால்?"

"காற்றடித்தாலும் பக்கத்திலேயேதான் இருக்கும். ஒழுக்கமான கிளை!"

செங்கொண்டை இருமியது. அது இருமலா, சிரிப்பா என்று ஆம்பல் விசாரிக்கவில்லை.

"சரி. அக்காவின் கிளையைக் கழித்தால் என் கிளையையும் கழித்துக்கொள்ளுங்கள்" என்றது காகம்.

"காரி அண்ணன் கிளையைக் கழித்தால் என் பாதையையும் கழித்துக்கொள்ளுங்கள்" என்றது அணில்.

எல்லோரும் ஆம்பலையே பார்த்தார்கள். ஒரு சொல் போதும். 'வெட்டுங்கள்' என்று சொல்லிவிட்டால் முட்டைகள் பிழைக்கும். ஆம்பல் முட்டைகளை நினைத்தது. உடனே நண்பகல் வெயிலையும் நினைத்தது. பிறகு மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தது. மேற்குப் பக்கத்தில், வயலை நோக்கி நீண்டிருந்த பருத்த கிளை ஒன்று அதன் கண்ணில் பட்டது.

"அந்தக் கிளையில் யார் குடியிருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை" என்றது காகம்.

"அப்படியானால் அதைத்தான் முதலில் கழிக்க வேண்டும்!"

மரங்கொத்தி திகைத்தது. "அக்கா, மரத்திலேயே திடமான கிளை அதுதான். கம்பியும் அந்தப் பக்கம் இல்லையே!"

"இன்றைக்கு இல்லை. நாளைக்கும் கம்பி அந்தப் பக்கம் போகாது என்று உன்னால் உறுதி கூற முடியுமா?"

காகமும் அணிலும் ஒரே குரலில் "சபாஷ்!" என்றன. அந்த மரத்தில் அதுபோன்ற ஒற்றுமையை அதற்கு முன்பு யாரும் கண்டதில்லை.

கிளையை முறிப்பதற்குக் காட்டிலிருந்து கடுவன் குரங்கை அழைத்து வந்தார்கள். அது தொங்கிப் பார்த்தது, குதித்துப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிப் பார்த்தது. மாலைவரை போராடிய பிறகுதான் கிளை கீழே விழுந்தது. அதற்குப் பக்கத்திலேயே குரங்கும் விழுந்தது.

"அப்பப்பா! இவ்வளவு உறுதியான கிளையை என் வாழ்நாளில் முறித்ததில்லை! இதை எதற்காக முறிக்கச் சொன்னீர்கள்?" என்று அது மூச்சிரைக்கக் கேட்டது.

"காற்றில் விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக" என்றது ஆம்பல்.

குரங்கு தலையைச் சொறிந்தது. குரங்குகள் அடிக்கடி தலையைச் சொறியும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முன்னேற்பாடு முடிந்தது என்ற மனநிறைவோடு கூட்டம் கலைந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் காற்று வந்துவிட்டது. பிற்பகலில் வானம் கறுத்தது. குட்டையின் நீர் சுருக்கம் விழுந்த துணியைப்போல் ஓடியது. தூங்குமூஞ்சி மரம் இப்படியும் அப்படியும் ஆடியது. மேற்குப் பக்கத்துப் பாரம் போய்விட்டதால் இப்போது அது கிழக்கே, கம்பியிருந்த பக்கமாகவே, கூடுதலாகச் சாய்ந்து ஆடியது.

ஆம்பல் அப்போது தன் நிழற்கிளையின் அடியில் நீந்திக்கொண்டிருந்தது. தலைக்குமேல் காளான் பூத்த கவட்டில் 'கிறீச்' என்றொரு ஓசை கேட்டது. நல்லவேளையாக அது விலகி நீந்தியது. மறுகணம், மடார்! கிளை பாதியாகப் பிளந்து, கம்பியையும் இழுத்துக்கொண்டு கரையில் சரிந்தது.

கொட்டகையின் மஞ்சள் வெளிச்சம் மறைந்தது.

"ஐயோ, என் முட்டைகள்!" ஆம்பல் நேரே கரையை நோக்கி விரைந்தது.

"நில்லுங்கள், அக்கா! நில்லுங்கள்!" காகம் காற்றில் தடுமாறியபடி அதன் தலைக்குமேல் பறந்து வந்தது. "கம்பி அறுந்து கரையில் கிடக்கிறது! அந்த ஈரத்தில் கால் வைத்தால் உயிர் போய்விடும்! திரும்புங்கள்! எதிர்க்கரையில் ஏறுங்கள்!"

ஆம்பல் திரும்பியது. எதிர்க்கரையில் ஏறி, சேற்றில் சறுக்கி, வரப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வாத்தின் ஓட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அன்று யாரும் சிரிக்கவில்லை.

கொட்டகைக்குள் இருட்டியிருந்தது. பெட்டியில் இன்னும் சிறிது சூடு மீதியிருந்தது. ஆம்பல் அதற்குள் ஏறப்போனது.

"தொடாதே! நனைந்த உடம்போடு உட்கார்ந்தால் நீயே அவற்றைக் குளிரவைத்துவிடுவாய்! முதலில் அந்தச் சாக்கில் புரண்டு ஈரத்தைத் துடை!" என்று அதட்டிய செங்கொண்டை, தானே பெட்டிக்குள் இறங்கி இறகுகளை விரித்தது. எவ்வளவு விரித்தும் பாதி முட்டைகள்தாம் அதன் வயிற்றுக்கு அடியில் அடங்கின. மற்றவை வெளியே கிடந்தன.

அப்போது கூரையிலிருந்து தேங்காய் நாரும் இலவம்பஞ்சும் பொத்துப்பொத்தென்று விழுந்தன. வரியன் தன் கூட்டையே பிரித்துக்கொண்டு வந்திருந்தது.

"இடுக்குகளில் திணியுங்கள், அக்கா! இன்னும் இருக்கிறது, கொண்டு வருகிறேன்!"

காகமும் உள்ளே வந்தது. உதறி உதறி உடம்பைக் காயவைத்துக்கொண்டு, ஓரத்து முட்டைகளின்மேல் இறக்கையை விரித்துப் படுத்தது. முட்டைகளின்மேல் காகம்! ஆம்பல் சாக்கில் புரள்வதை நிறுத்தியது.

"காரி அண்ணே... ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்... அடியில் இருப்பது முட்டை என்பது..."

"அக்கா, நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது."

ஆம்பல் சாக்கில் புரண்டு, இறகு காய்ந்த பிறகு, மீதியிருந்த முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. சற்று நேரம் போனது. நெளிந்தது.

"எழாதே" என்றது செங்கொண்டை.

"உறுத்துகிறதே, அக்கா!"

"உறுத்தும். அதற்குப் பெயர்தான் அடைகாப்பது."

ஆம்பல் எழவில்லை. வெளியே மழை கூரையை அறைந்தது. சற்றுப் பொறுத்து அது தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "விழுந்தது என் கிளை. அது விழும் என்று எனக்குத் தெரியும். எல்லோருடைய கிளையையும் வெட்டச் சொன்ன நான், அதை மட்டும் தட்டிப் பார்க்கக்கூட விடவில்லை."

"அப்படிச் சொல்லாதீர்கள், அக்கா. கிளை பக்கத்தில்தான் இருந்தது. காற்றுக்குத்தான் ஒழுக்கம் போதவில்லை!" என்றது காகம்.

செங்கொண்டை இருமியது. இம்முறை அது சிரிப்பு என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆம்பலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முட்டைகள் அசையாதபடி கவனமாகச் சிரித்தது.

விடியும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. விடிந்ததும் கம்பி வேலை செய்யும் ஆட்கள் ஏணியோடும் அரிவாளோடும் வந்தார்கள். விழுந்த கிளையை வெட்டி அகற்றினார்கள். கம்பியை இழுத்துக் கட்டினார்கள். பல்பு எரிந்தது.

"இனி நீ எழலாம்" என்றது செங்கொண்டை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேனே" என்றது ஆம்பல்.

சில நாள் கழித்து ஓடுகள் விரிசல் விட்டன. ஈரத் தலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. பெட்டி முழுவதும் ஒரே கீச்சொலி. ஓரத்தில் கிடந்த ஒன்றிரண்டு முட்டைகள் மட்டும் கடைசிவரை பேசவேயில்லை. ஆம்பல் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு நேரே மரத்தடிக்குப் போய், காட்டுக் குரங்கு உட்பட எல்லோரையும் அழைத்தது.

முறிந்தது போக நிழற்கிளையில் பாதி இன்னும் நீரின்மேல் நீண்டுதான் இருந்தது. அதன் அடியில் ஒரு வாத்து உறங்கும் அளவுக்கு நிழலும் இருந்தது.

"மரங்கொத்தித் தம்பி, இங்கிருந்து தொடங்கு. மரியாதை வேண்டாம். உள்ளதைச் சொல்" என்றது ஆம்பல்.

டொக். ஒரு தட்டுக்கே மரப்பொடி கொட்டியது.

"உளுத்துவிட்டது, அக்கா. உள்ளே ஒன்றுமே இல்லை."

இவ்வளவு கடுமையான சொல்லை அந்த மரத்தில் அதுவரை யாரும் உச்சரித்ததில்லை. அணில் வாயைப் பொத்திக்கொண்டது.

"நன்றி, தம்பி. கடுவன் அண்ணே, கம்பியைத் தொடாமல் தண்ணீர்ப் பக்கமாக இதைத் தள்ளிவிடுங்கள்."

குரங்கு ஒரு கையால் தள்ளியது. கிளை நீரில் விழுந்தது. "இது ஒரு வேலையா! அன்றைக்கே இதைக் காட்டியிருந்தால் என் முதுகு தப்பியிருக்குமே!" என்று அது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியது.

காகம் தொண்டையைக் கனைத்தது. "தம்பி... என் கிளை எப்படி? எனக்கும் உள்ளதையே சொல்."

"பாதிவரை உளுத்திருக்கிறது, அண்ணே."

"பாதிவரை கழித்துவிடுங்கள். கூட்டை உள்பக்கம் கட்டிக்கொள்கிறேன்."

எல்லோரும் அணிலைப் பார்த்தார்கள். அணில் செங்கொண்டையைப் பார்த்தது.

"தரை வழியாக வாயேன், தம்பி. கேட்டால் தரமாட்டேனா?" என்றது செங்கொண்டை.

"கேட்டு வாங்குவதா! அந்த வழி எனக்குத் தோன்றவே இல்லையே, அக்கா!" என்று வியந்த வரியன், தன் பாதையைக் குரங்கிடம் ஒப்படைத்தது.

கார்த்திகையில் மறுபடியும் காற்று அடித்தது. மரம் தலைவிரித்து ஆடியது. ஆனால் அதன் கைக்கு எட்டாத தூரத்தில் கம்பி தனியாக ஊசலாடிக்கொண்டிருந்தது. கொட்டகையின் பல்பு ஒருமுறைகூடக் கண்சிமிட்டவில்லை.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நண்பகலில், ஆம்பல் தன் குஞ்சுகளோடு நடுக்குட்டையில் நீந்திக்கொண்டிருந்தது. கரையில் நின்ற செங்கொண்டை கூவியது: "ஏன் ஆம்பல், வெயில் மண்டையைப் பிளக்கிறதே! நிழலே இல்லாமல் எப்படி இருக்கிறாய்?"

"சுடத்தான் செய்கிறது, அக்கா! அதற்கென்ன, குட்டை நிறையத் தண்ணீர் இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டு ஆம்பல் தலைகீழாக முங்கியது. அதைப் பார்த்துக் குஞ்சுகளும் வரிசையாக முங்கின.

எல்லோருக்கும் வரும் இடரைத் தடுக்க விரும்புகிறவர், முதல் வெட்டைத் தம்முடைய கிளையிலேயே விழச் செய்ய வேண்டும்.